படைக்கும் மக்களுக்கும் நடுவே

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மரக்காணத்து உப்பளங்கள் எது பாத்தி, எது வரப்பு என்று அறியவொண்ணாதபடி நீருள் ஆழ்ந்தன. எங்கள் குயிலாப்பாளையத்திலும் மரங்கள் சாய்ந்து, மின்விளக்கு அணைந்து, ஊர் இருளில் கிடந்தது. மறுநாள் புதுச்சேரித் தெருக்களில் நீர் இடுப்பளவு நின்றபோது, இந்தியத் தரைப்படை வீரர்கள் படகுகளோடு வந்து முதியோரையும் குழந்தைகளையும் மீட்டார்கள். அவர்களைக் கண்ட மக்கள் கைகூப்பினார்கள். படைவீரனைக் கண்டு அஞ்சி ஓடாமல், அவனைத் தம் பிள்ளையாகக் கருதி நெருங்கிச் செல்லும் மக்களை உடைய நாடு நற்பேறு பெற்ற நாடு.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதே வீரன், அதே சீருடை. கையில் மட்டும் துடுப்புக்கு மாறாகத் துப்பாக்கி. எதிரே நிற்பது எல்லை தாண்டி வந்த பகைவன் அல்லன். கூக்குரலிடும் ஊர்மக்கள் கூட்டம். அப்போது அவன் என்ன செய்ய வேண்டும்? அவனுக்கு ஆணையிட உரிமை பெற்றவர் யார்? அந்த உரிமைக்கு எல்லை உண்டா? இவையே இன்று நாம் ஆராயப் புகும் வினாக்கள்.

இவ்வினாக்களை நானாக எழுப்பவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் எழுப்பினார். உப்பளத் தொழிலாளியின் மகன் அவர். படையிற் சேர்ந்து நாட்டின் வடகிழக்கு மூலையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். விடுமுறையில் ஊர் வந்தபோது ஒரு மாலையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, பகைவனைச் சுடச் சொன்னால் சுடுவேன், அதில் எனக்கு ஐயம் இல்லை. நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தைப் போன்ற ஒரு கூட்டத்தைச் சுடச் சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். நான் சற்றே தடுமாறி, "மேலதிகாரி சொல்வதைக் கேட்பதுதான் தம்பி படைவீரன் கடமை" என்றேன். அவர் தலையசைத்தார், மறுமொழி கூறவில்லை. அவர் எழுந்து சென்றபின், மாணவன் கேட்ட கணக்கிற்குத் தவறான விடை சொல்லிவிட்ட ஆசிரியனைப்போல் நான் நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தேன். அந்த விடையைத் திருத்தவே பின்னாளில் சட்ட நூல்களையும் வரலாற்று நூல்களையும் புரட்டினேன். அங்குக் கண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில், காவலர் தொழிலுக்கும் படைவீரர் தொழிலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். இருவரும் சீருடை அணிகின்றனர். இருவரும் ஆயுதம் ஏந்துகின்றனர். ஆயினும் இருவர் கல்வியும் ஒன்றன்று. படைவீரன் பகைவனின் வலிமையை அழிக்கக் கற்றவன். அவன் எதிரே இருப்பவன் எவன் என்று வழக்காடிப் பார்க்கப் போர்க்களத்தில் இடமில்லை. காவலரோ குற்றம் செய்தாரெனக் கருதப்படுபவரைப் பிடித்து, உயிரோடு முறைமன்றத்தின்முன் நிறுத்தக் கடமைப்பட்டவர். குற்றவாளியும் அவருக்கு ஒரு குடிமகனே. பகைவனுக்கெதிரே வல்லமையாக விளங்கும் பண்பு, குடிமகனுக்கெதிரே கொடுமையாக முடிந்துவிடும். மருத்துவர் கத்தியும் மரம் வெட்டுவோர் கோடரியும் இரும்பால் ஆனவையே. அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் கையாளலாமா?

ஆட்சியாளரின் ஆயுதம் மக்கள்மேல் திரும்பிய நிகழ்ச்சிக்குத் தொலைவிடம் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள புதுச்சேரி அந்நாளில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. எங்கள் ஊரோ ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1936-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள், வேலை நேரக் குறைப்பும் சங்கம் அமைக்கும் உரிமையும் கோரிப் போராடிய புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்மேல் பிரெஞ்சு ஆட்சியின் ஆயுதப் படையினர் சுட்டனர். பன்னிருவர் மாண்டனர். மறு ஆண்டு, 1937-இல், எட்டு மணி நேர வேலைநாள் சட்டமாயிற்று. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் பெயரோடு அந்நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது. துப்பாக்கி பேசிய பிறகு வழங்கியதை அதற்கு முன்னரே வழங்கியிருந்தால் பன்னிரண்டு குடும்பங்கள் வாழ்ந்திருக்கும் அன்றோ?

இனி, இப்பொருளில் இந்தியா கற்ற பெரும் பாடத்துக்கு வருவோம். அது 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், பஞ்சாபிலுள்ள அமிர்தசரசில் சாலியன்வாலா பாக் என்னும் திடலில் நிகழ்ந்தது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன், ஏப்ரல் 10-இல், மக்கள் தலைவர்களாகிய கிச்சலூ, சத்தியபால் என்னும் இருவரை அரசு நகரைவிட்டு அகற்றியது. அதனைக் கேட்டுத் திரண்ட மக்கள்மேல் துப்பாக்கி சுடப்பட்டது. சினங்கொண்ட கூட்டம் ஐரோப்பியர் ஐவரைக் கொன்றது, வங்கிகள் எரிந்தன. நகர் கைமீறிப்போயிற்றென்று கருதிய மாவட்ட அதிகாரி, அடுத்த நாள் வந்து சேர்ந்த படைத்தலைவர் டையரின் கையில் நகரை ஒப்படைத்தார்.

இந்த ஒப்படைப்பை நன்கு நோக்குங்கள். படைத்துறை ஆட்சி அன்று அங்கே சட்டப்படி அறிவிக்கப்படவில்லை. அந்த அறிவிப்பு ஏப்ரல் 15-ஆம் நாள்தான் வந்தது. இடையில் குடியியல் அதிகாரி தாமாகவே விலகி நின்றார். படைத்தலைவர் தாமாகவே ஆட்சியாளர் ஆனார். ஏப்ரல் 13 மாலையில் டையர் துப்பாக்கி ஏந்திய 50 வீரர்களையும், குக்குரிக் கத்தி மட்டும் ஏந்திய 40 கூர்க்கா வீரர்களையும் அழைத்துக்கொண்டு திடலுக்குள் நுழைந்தார். மாவட்ட அதிகாரி உடன் வரவில்லை. கலைந்து செல்லுங்கள் என்று ஓர் எச்சரிக்கையும் விடுக்கப்படவில்லை. ஏறத்தாழ பத்து நிமிடம், 1,650 குண்டுகள் சுடப்பட்டன. கூட்டம் கலைந்து ஓடத் தொடங்கிய பின்னும் சூடு நிற்கவில்லை. மாண்டவர் 379 பேர் என்பது அரசின் கணக்கு; மக்கள் கணக்கோ அதனினும் மிகப் பெரிது. காயமுற்றுக் கிடந்தவர்க்கு உதவ எவரும் நிறுத்தப்படவில்லை.

பின்னர் அமைந்த அன்டர் விசாரணைக் குழுவின்முன் டையர் தம் செயலை மறைக்கவில்லை. கூட்டத்தைக் கலைப்பது மட்டும் தம் நோக்கமன்று என்றும், பஞ்சாப் முழுவதும் உள்ளத்தில் அச்சம் பதிய வேண்டும் என்று கருதியதாகவும் அவர் கூறினார். சந்து குறுகலாக இல்லாதிருந்தால் இயந்திரத் துப்பாக்கி பூட்டிய வண்டிகளையும் உள்ளே கொண்டு சென்றிருப்பேன் என்னும் பொருள்படவும் விடையளித்தார். வள்ளுவர் பொருட்பாலில் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்து, வெருவந்த செய்யாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். குடிகள் அஞ்சி நடுங்கும் செயலை அரசன் செய்யலாகாது என்பது அதன் கருத்து. படைமாட்சியோ அதற்கு இருபது அதிகாரங்கள் பின்னரே வருகிறது. அச்சத்தை ஆட்சிக் கருவியாகக் கொள்ளும் அரசு நில்லாது என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். டையரின் அச்சப் பாடம் என்ன விளைத்தது? அரசப் பிரதிநிதியின் அவையில் உறுப்பினராயிருந்த, சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞரும் நீதிபதியுமாக விளங்கிய சங்கரன் நாயர், பஞ்சாபின் படைத்துறை ஆட்சியைக் கண்டித்துப் பதவி துறந்தார். தாகூர் தமக்களித்த பட்டத்தைத் துறந்தார். ஆங்கில ஆட்சிமேல் நம்பிக்கை வைத்திருந்த பலர் அந்நம்பிக்கையை இழந்தனர்.

மாணவர்களே, ஈண்டு ஓர் உண்மையை மறவாதீர்கள். சட்டம் அன்று இல்லாமற்போகவில்லை. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், கூட்டத்தைக் கலைக்கப் படையை எவ்வாறு அழைக்க வேண்டும், எவ்வளவு குறைந்த வலிமையைக் கையாள வேண்டும் என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. ஏட்டில் சட்டம் இருந்தது. அதனைக் காக்க வேண்டிய மனிதர்தாம் அவ்விடத்தில் இல்லை.

அச்சட்டம் என்ன கூறுகிறது? 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், அதிலிருந்து 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டத்துக்கும் இவ்விதிகள் பெரும்பாலும் மாறாமலே வந்துள்ளன. இன்றைய சட்டத்தின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகள் அவை. அவற்றை நான்கு படிகளாக மனத்திற் கொள்ளலாம்.

முதற்படி: சட்டவிரோதமாகக் கூடியவர்களை, அல்லது பொது அமைதியைக் குலைக்கக்கூடிய கூட்டத்தை, கலைந்து செல்லுமாறு நிருவாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ ஆணையிட வேண்டும். கலையாவிடின் காவலரைக் கொண்டு கலைக்க வேண்டும்.

இரண்டாம் படி: வேறு எவ்வகையாலும் கலைக்க இயலாதபோது, பொதுமக்கள் பாதுகாப்புக்கு அது இன்றியமையாததென்றால் மட்டுமே, படையை அழைக்கலாம். அழைப்பவர் படைத்தலைவர் அல்லர். மாவட்ட நடுவராகிய ஆட்சியரோ, அவர் அதிகாரம் அளித்த நிருவாக நடுவரோ அழைக்க வேண்டும். அவரும் அலுவலகத்தில் அமர்ந்து தொலைபேசியில் ஆணையிட்டால் போதாது. அவ்விடத்தில் உடனிருக்க வேண்டும். இந்த 'உடனிருத்தல்' என்னும் சொல்லில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது.

மூன்றாம் படி: அழைப்பை ஏற்ற படை அதிகாரி, எவ்வாறு செய்வது என்பதைத் தம் அறிவுகொண்டு முடிவு செய்யலாம். ஆனால் கூட்டத்தைக் கலைக்கவும், வேண்டியவரைப் பிடித்துக் காவலில் வைக்கவும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மேல் வலிமையைப் பயன்படுத்தலாகாது. உயிருக்கும் உடைமைக்கும் இயன்ற அளவு குறைந்த தீங்கே விளைய வேண்டும். தண்டிப்பது படையின் வேலையன்று. அது முறைமன்றத்தின் வேலை.

நான்காம் படி: பொதுமக்கள் பாதுகாப்பு வெளிப்படையாக இடருற்று, நடுவர் எவரோடும் தொடர்புகொள்ள இயலாத நிலை ஏற்பட்டால், படையின் அதிகாரி ஒருவர் தாமே நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் தொடர்புகொள்ள இயன்ற அந்த நொடியிலேயே அவர் நடுவரோடு தொடர்புகொண்டு, அதன்பின் தொடர்வதா நிறுத்துவதா என்பதில் நடுவர் சொற்படியே நடக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு இவ்விதிகளின்படி நடந்தவர்க்குச் சட்டம் பாதுகாப்பும் அளிக்கிறது. அரசின் இசைவின்றி அவர்மேல் வழக்குத் தொடர இயலாது.

எங்கள் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க நான் உப்பளத்தையே எடுத்துக்காட்டுவது வழக்கம். உப்புநீர் தேங்கும் பெரும் பாத்திக்கும் உப்பு விளையும் சிறு பாத்திக்கும் நடுவே ஒரு வரப்பு உண்டு. வேண்டும்போது வேண்டிய அளவு நீரை மடைவழி விடுவார்கள். நீர் இல்லாமல் உப்பு இல்லை. ஆயினும் வரப்பு உடைந்து நீர் தன் போக்கில் பாய்ந்தால், விளைந்த உப்பும் கரைந்துவிடும். படைவலிமை அந்த நீர் போன்றது. குடியியல் அதிகாரி வரப்பும் மடையும் போன்றவர். அமிர்தசரசில் உடைந்தது அந்த வரப்பே.

உப்பைப் பற்றிப் பேசும்போது 1930-ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு நம் நாட்டில் உப்புச் சட்டம் எங்கும் மீறப்பட்டது. சாலியன்வாலா பாக் நாளாகிய ஏப்ரல் 13-ஆம் நாளே இராசாசி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு வேதாரணியம் நோக்கி நடந்தார். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், தொண்டர்க்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று அறிவித்தார். ஏப்ரல் 30-ஆம் நாள் இராசாசி உப்பு அள்ளிச் சிறை சென்றார். பின்வந்த தொண்டர்கள் தடியடி பட்டனர். அடக்குமுறைதான் அது; நாம் அதனைப் போற்றுவதற்கில்லை. ஆயினும் அங்கே முன்னின்றவர் ஆட்சியரும் காவலரும். மக்களும் அறவழியில் நின்றனர். வேதாரணியம் மற்றோர் அமிர்தசரசு ஆகவில்லை.

அதே ஏப்ரல் திங்களில் வடமேற்கு எல்லையிலுள்ள பெசாவரில் நிகழ்ந்ததோ வேறு. ஏப்ரல் 23-ஆம் நாள் கான் அப்துல் கபார்கானும் பிற தலைவர்களும் கைதானதைக் கண்டு மக்கள் கிசாகானிக் கடைத்தெருவில் திரண்டனர். கவச வண்டிகள் கூட்டத்துள் செலுத்தப்பட்டன, படை சுட்டது, பலர் மாண்டனர். அப்போது அரச கார்வால் துப்பாக்கிப் படையைச் சேர்ந்த வீரர் சிலர், ஆயுதமற்ற மக்களைச் சுட மாட்டோம் என்று மறுத்தனர். அவர்களுள் முன்னின்றவர் சந்திரசிங் கார்வாலி. வீரர்கள் இந்துக்கள், எதிரே நின்ற மக்கள் முசுலிம்கள். படைமன்றம் அவ்வீரர்களைக் கடுமையாகத் தண்டித்தது. சந்திரசிங்குக்கு வாழ்நாள் தண்டனை கிடைத்தது. 1941-இல்தான் அவர் விடுதலை பெற்றார்.

இவ்வீரரை நாடு போற்றியது. ஆனால் காந்தியடிகள், பின்னர் ஒரு பிரெஞ்சுச் செய்தியாளர் கேட்டபோது, ஆணையை மீறிய படைவீரன் தான் செய்த உறுதிமொழியை மீறுகிறான் என்றும், நாளை தம் கையில் ஆட்சி வந்தால் இதே படையைத் தாமும் கையாள வேண்டியிருக்கும் என்றும் கருத்துரைத்தார். கொல்லாமையையே உயிர்மூச்சாகக் கொண்டவர் இவ்வாறு கூறியது பலருக்கு வியப்பளித்தது. எனக்கும் முதலில் வியப்பாகவே இருந்தது. பின்னர்ச் சிந்தித்தபோது அவர் அச்சம் விளங்கிற்று. தான் விரும்பும் ஆணைக்கு மட்டும் பணியும் படை, நாளை தான் விரும்பாத அரசுக்கு எதிராகவும் எழும் அன்றோ? அண்டை நாடுகள் சிலவற்றில் படை ஆட்சியையே கைப்பற்றிய வரலாற்றை நாம் அறிவோம். எனவே, சுடுவதா வேண்டாவா என்னும் பெருஞ்சுமையை ஓர் எளிய வீரனின் மனச்சான்றின்மேல் மட்டும் ஏற்றிவைக்கும் அரசமைப்பு நல்ல அரசமைப்பு ஆகாது. அவன் அந்நிலைக்குத் தள்ளப்படும் முன்னரே மேலே இருப்போர் சட்டத்தின்படி நின்றிருக்க வேண்டும்.

அப்படியாயின் உள்நாட்டில் படையை அழைக்கவே கூடாது என்று கொள்ளலாமா? கூடாது. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி கொலையுண்டபின், தில்லியில் சீக்கிய மக்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டனர். அந்நகரில் மட்டும் 2,733 பேர் மாண்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. காவலர் பலர் கைகட்டி நின்றனர். படை காலந்தாழ்த்தே பயன்படுத்தப்பட்டது. உரிய நேரத்தில் படையை அழைத்திருந்தால் பல உயிர்கள் பிழைத்திருக்கும் என்று பின்னர் விசாரித்த நீதிபதி இரங்கநாத் மிசுரா ஆணையம் கூறிற்று. அமிர்தசரசில் குடியியல் அதிகாரி படையைக் கட்டவிழ்த்துவிட்டு விலகினார். தில்லியில் குடியியல் அதிகாரம் படையை அழைக்க வேண்டிய நேரத்தில் அழைக்காமல் நின்றது. இரண்டும் கடமை தவறியமையே.

அமெரிக்க நாட்டு வரலாறும் இதனையே காட்டுகிறது. அங்கு 1878-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், அரசமைப்பாலோ நாடாளுமன்றச் சட்டத்தாலோ வெளிப்படையாக ஒப்புதல் அளிக்கப்பட்ட இடங்களிலன்றித் தரைப்படையைக் கொண்டு உள்நாட்டுச் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது குற்றம் என்று விதித்தது. பிற படைகளும் பின்னர் அதன்கீழ்க் கொணரப்பட்டன. எனினும் 1807-ஆம் ஆண்டுக் கிளர்ச்சித் தடுப்புச் சட்டம் சில விலக்குகளை வைத்திருக்கிறது. 1957-இல் லிட்டில் ராக் என்னும் நகரில், கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பள்ளியில் நுழைவதை மாநில ஆளுநரே தம் ஆயுதக் காவற்படையைக் கொண்டு தடுத்தார். முறைமன்றத் தீர்ப்பை நிலைநாட்டக் குடியரசுத் தலைவர் ஐசன்ஓவர் தரைப்படையை அனுப்பினார். படைவீரர் காவலோடு அப்பிள்ளைகள் வகுப்பறைக்குள் சென்றனர். படை அங்கே சட்டத்தை மிதிக்கவில்லை. சட்டத்துக்கு வாயிற்காவல் நின்றது.

ஆகவே விலக்குகள் வேண்டியவையே. ஆனால் விலக்கே விதியாகிவிடும் இடர் ஒன்று உண்டு. 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை அடக்க ஆங்கில அரசு படைக்குச் சிறப்பு அதிகாரம் அளிக்கும் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. விடுதலைக்குப்பின், 1958-இல், நாகர் வாழும் மலைப்பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியை எதிர்கொள்ள நம் நாடாளுமன்றம் இயற்றிய ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அதன் சாயலிலேயே அமைந்தது. கலவரப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில், உரிய எச்சரிக்கைக்குப்பின் உயிர் போகும் அளவுக்கும் சுடப் படையின் கீழ்நிலை அதிகாரிக்கும் அச்சட்டம் உரிமை தருகிறது. நடுவர் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. சில திங்களுக்கென எண்ணப்பட்ட ஏற்பாடு சில இடங்களில் தலைமுறைகளைக் கடந்து நின்றது. என் மாணவர் பணியாற்றியதும் அத்தகைய ஒரு நிலத்திலேதான்.

இச்சட்டம் செல்லுமா என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும் என்று கூறிய நீதிமன்றம், அதற்குக் கட்டுகளையும் விதித்தது. படை குடியியல் அதிகாரத்துக்குத் துணையாக வருகிறதேயன்றி அதன் இடத்தைப் பிடிப்பதற்கு வரவில்லை. கலவரப் பகுதி என்னும் அறிவிப்பை ஆறு திங்களுக்கொருமுறை மறுபடியும் ஆராய வேண்டும். பிடிபட்டவரைக் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வலிமையை மிகக் குறைந்த அளவே கையாள வேண்டும் என்று வரையறுத்தது. 2016-இல் மணிப்பூர் மக்கள் தொடுத்த வழக்கில், அளவுமீறிய வலிமையால் உயிர்ப்பலி நேர்ந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தால், அது கலவரப் பகுதியே ஆயினும், விசாரணை வேண்டும் என்று மேலும் தெளிவுபடுத்தியது. இச்சட்டம் 2015-இல் திரிபுராவிலிருந்தும் 2018-இல் மேகாலயாவிலிருந்தும் விலக்கிக்கொள்ளப்பட்டது. விலக்கு நிலையானதாக இருக்க வேண்டுவதில்லை என்பதற்கு இவை சான்று.

இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். படைக்கு எல்லை வகுத்துவிட்டால் மட்டும் மக்களுக்குக் காப்பு முழுமையாகிவிடாது. 2018 மே 22-ஆம் நாள் தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் மக்கள்மேல் சுட்டது படையன்று, காவலரே. பதின்மூவர் உயிரிழந்தனர். குறைந்த அளவு வலிமை என்னும் அறம், துப்பாக்கி ஏந்தும் ஒவ்வொரு கைக்கும் உரியது.

இப்போது என் மாணவரின் வினாவுக்குத் திரும்புகிறேன். மேலதிகாரி சொல்வதைக் கேட்பதே கடமை என்று நான் அன்று கூறிய விடையில் ஒரு சொல் விட்டுப்போயிற்று. 1950-ஆம் ஆண்டுத் தரைப்படைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, மேலதிகாரியின் ஆணையை மீறுவது குற்றம் என்று மட்டும் கூறவில்லை. 'சட்டப்படியான' ஆணையை மீறுவது குற்றம் என்று கூறுகிறது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 76-ஆம் பிரிவும் இவ்வாறே. மேலதிகாரியின் ஆணையால் கலகக் கூட்டத்தின்மேல் சுட்ட படைவீரன் குற்றமற்றவன் என்று அது ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ஆனால் அங்கும் சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க என்னும் நிபந்தனை உடன் நிற்கிறது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-ஆம் பிரிவிலும் அதே எடுத்துக்காட்டு இடம்பெற்றுள்ளது. படைவீரன் ஓர் ஆளுக்குப் பணியவில்லை. அந்த ஆளின் வாய்வழி வரும் சட்டத்துக்கே பணிகிறான்.

அந்த மாணவர் பணி நிறைவுற்று ஊர் திரும்பியபின் ஒருநாள் இதனை அவரிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்ட அவர், "ஐயா, கூட்டம் கல்லெறியும்போது சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க நேரம் இராது. அங்கே எங்களோடு ஒரு தாசில்தார் நின்றால் போதும், எங்கள் கை நடுங்காது, மனமும் நடுங்காது" என்றார். நான் பல நூல்களில் தேடிக் கண்டதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நடுவர் உடன் நிற்பது மக்களுக்கு மட்டும் காப்பு அன்று. படைவீரனுக்கும் அதுவே காப்பு என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

மாணவ நண்பர்களே, இதனைக் கேட்கும் உங்களுள் சிலர் நாளை படையிற் சேர்வீர்கள். சிலர் வட்டாட்சியராகவும் மாவட்ட ஆட்சியராகவும் அமர்வீர்கள். பெரும்பாலோர் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு குறையை எடுத்துரைக்கத் தெருவில் கூடும் மக்களோடு நிற்பீர்கள். படையில் இருப்பவர், தம் ஆணை எவ்வழி வந்தது என்று அறிந்திருக்கட்டும். ஆட்சியில் இருப்பவர், இடர் மிகுந்த வேளையில் பொறுப்பைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடாமல் களத்தில் வந்து நிற்கட்டும். கூட்டத்தில் நிற்பவர், கல்லை எடுக்கும் கை தம் உரிமைக் குரலைத் தாமே அடைக்கும் கை என்று உணரட்டும். இம்மூவரும் தத்தம் இடத்தில் நின்றால், படைவீரன் நம் தெருக்களுக்குள் வரும் நாள் படகோடு வரும் நாளாகவே இருக்கும்.